‘இன்றைக்கும் கடித்துவிட்டான்’

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்திலிருந்து ஒரு தாய் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு நாலே முக்கால் வயது. இந்த ஜனவரியில்தான் கே1 (கிண்டர்கார்ட்டன் 1) வகுப்பில் பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்தான். அதுவரை பாட்டியோடு வீட்டில் இருந்தவன். முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மார்ச் பள்ளி விடுமுறை முடிந்த வாரம் முதல் தடவையாக ஒரு பையனைக் கடித்தான். இப்போது ஜூலை, ஏழு தடவை ஆகிவிட்டது. அது போக தள்ளுவது, கட்டிய பிளாக்கைத் தட்டிவிடுவது. மாலை நாலு மணிக்கு பள்ளியின் செயலியில் செய்தி வந்தாலே அலுவலகத்தில் வயிற்றைப் பிசைகிறதாம். போன வாரம் கடிபட்ட பிள்ளையின் அம்மா, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் ஒரு பதிவு போட்டிருக்கிறார். யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். “ஒரு தடவை நீயும் திருப்பிக் கடிச்சுக் காட்டு, இல்லேன்னா வாயில மிளகாயைத் தேய்” என்கிறார் மாமியார். “ஆம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான், விடு” என்கிறார் கணவர். நாத்தனாரோ, “வீட்டுல தமிழை நிறுத்துங்க அண்ணி, அவன் குழம்பிப் போறான்” என்கிறார். இந்தத் தாய் ஒரு நாள் மனம் வெறுத்து மளிகைக் கடையில் பிரம்பு வாங்கி இரண்டு அடி போட்டுவிட்டு, இரவெல்லாம் அழுதிருக்கிறார். பிரம்பு இப்போது குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. என் மகன் முரடனா, ஆட்டிசமா, பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்களா, தொடக்கநிலை ஒன்றுக்கு இது தடையாகுமா என்பவை அவர் கேள்விகள்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் தேதிகளை மட்டும் ஒரு பேனாவால் கோடிட்டுப் பார்த்தேன். மூன்று பக்கத்தில், கடைசிப் பக்கத்தின் கீழே, ஒரே ஒரு வரி: “எங்களுக்கு எட்டு மாதத்தில் ஒரு மகளும் இருக்கிறாள், அவளால் ஒரு தொந்தரவும் இல்லை.” எட்டு மாதம் என்றால் நவம்பரில் பிறந்தவள். 16 வாரப் பிரசவ விடுப்பு முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பியது மார்ச் நடுவில். ஜனவரி, பிப்ரவரியில் மகனைப் பள்ளியில் விட்டது யார்? நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது விடுவது பணிப்பெண். மாலையில் நீங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் தூக்குவது யாரை என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரியும், பால் கட்டிக்கொண்டு வலிக்கும், பாப்பாவைத்தான் தூக்கத் தோன்றும்.

உங்கள் மாமியாரிடம் “சவலை” என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பாலும் மடியும் போய், ஏங்கி மெலிந்த மூத்த பிள்ளையைச் சவலைப்பிள்ளை என்பார்கள். இன்று யாரும் பாலுக்காக மெலிவதில்லை; நாலே முக்கால் வயதுப் பையன் பால் குடிக்கிற வயதிலும் இல்லை. மடிக்கான ஏக்கம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. சில பிள்ளைகள் அதை அழுகையாகக் காட்டும், சில பிள்ளைகள் மறுபடியும் படுக்கையை நனைக்கும். உங்கள் பையன் பல்லால் சொல்கிறான்.

இது என் ஊகம்தான். கடிதத்தை வைத்து ஒரு பிள்ளையை எடைபோட முடியாது. ஆனால் ஊகத்தைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள். மாமியாருக்கு எழுதப் பொழுதில்லை என்றால் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போதும். டீச்சரிடமும் இதையே கேளுங்கள், எத்தனை மணிக்கு என்பதோடு சேர்த்து. சாப்பாட்டுக்கு முன்னாலா, தூங்கி எழுந்த பிறகா, பிளாக் மூலையிலா, வரிசையில் நிற்கும்போதா? ஏழு தடவையில் ஐந்து தடவை ஒரே நேரம், ஒரே இடம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த மின்தூக்கி

நோட்டில் எப்படி எழுதுவது என்பதற்கு உங்கள் கடிதத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கிறேன். 11 என்ற பொத்தானை அவன்தான் அமுக்க வேண்டும். பாட்டி மறதியில் அமுக்கிவிட்டார். மின்தூக்கிக்குள்ளேயே தரையில் படுத்துவிட்டான். கதவு திறக்கிறது, மூடுகிறது, எதிர்வீட்டு ஆன்ட்டி பார்க்கிறார், பாட்டி “மாத்தா (போலீஸ்) வந்து புடிச்சுட்டுப் போயிடுவான்” என்கிறார். அவன் இன்னும் பலமாகக் கத்துகிறான். கடைசியில் பணிப்பெண் கைப்பேசியைக் கொடுக்கிறார். அமைதி.

முன்னால் நடந்தது: அவனுக்கென்று இருந்த ஒரு வேலை போனது. அவன் செய்தது: படுத்துக் கத்தினான். பின்னால் நடந்தது: கைப்பேசி கிடைத்தது. மூன்றாவதுதான் முக்கியம். படுத்துக் கத்தினால் கைப்பேசி வரும் என்று நாம்தான் பாடம் நடத்தியிருக்கிறோம். அவன் நல்ல மாணவன், ஒரே தடவையில் படித்துக்கொண்டான்.

இதையே வேறு மாதிரி செய்யலாம். தரைத்தளத்தில் நடக்கும்போதே “இன்னைக்கு நீதான் அமுக்கணும், பாட்டிக்கு ஞாபகப்படுத்து” என்று சொல்லிவைப்பது முதல் படி. மறதியில் வேறு யாராவது அமுக்கிவிட்டால் குனிந்து அவன் கண் மட்டத்துக்கு வந்து, “நீ அமுக்கணும்னு நினைச்சே, பாட்டி அமுக்கிட்டாங்க. ஏமாத்தமா இருக்கு, கோவமா இருக்கு” என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். விளக்கம், அறிவுரை எதுவும் வேண்டாம்; அந்த நேரத்தில் காதில் ஏறாது. உணர்ச்சியை அடக்கி யோசிக்க வைக்கும் முன்மூளை முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டும். நாலே முக்கால் வயதில் அது கடன் வாங்கித்தான் ஓடுகிறது, யாரிடமிருந்து என்றால் பக்கத்தில் அமைதியாக நிற்கும் பெரியவரிடமிருந்து. நீங்களும் கத்தினால் கடன் கொடுக்க ஆளில்லை.

கைப்பேசி வேண்டாம். தரையில் படுத்த பிறகு மறுபடி கீழே போய் அமுக்க விடுவதும் வேண்டாம். அவனை ஓரமாக நகர்த்தி, பத்திரமாக இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு ஒரு புன்னகை போதும், அவரும் பிள்ளை வளர்த்தவர்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காமல் போனால் முதல் சில நாள் கத்தல் கூடும், குறையாது. “டாக்டர் சொன்னது வேலைக்கு ஆகலை” என்று பெரும்பாலான வீடுகளில் விட்டுவிடுவது சரியாக இந்த இடத்தில்தான். அந்த நாட்களில் வீட்டில் நாலு பேரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒருவர் இளகினாலும் இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும் என்று புதுப் பாடம் ஆகிவிடும்.

பிரம்பும் மிளகாயும்

முதலில் உங்கள் மாமியாருக்காக ஒரு வார்த்தை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு நடந்ததைச் சொல்கிறார். ஆனால் திருப்பிக் கடித்துக் காட்டினால், கோபம் வந்தால் பெரியவர்களும் கடிப்பார்கள் என்றுதான் அவனுக்குப் புரியும். மிளகாய் வாயின் உள்தோலைப் புண்ணாக்கும், கை வழியாகக் கண்ணுக்கும் போகும். இரண்டும் கண்டிப்பாகக் கூடாது.

பிரம்பைப் பற்றி, “பள்ளிக்கூடத்திலேயே சட்டப்படி பிரம்படி இருக்கிறதே டாக்டர்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. கல்வி அமைச்சின் பள்ளிகளில் கடுமையான தவறுகளுக்கு, விதிமுறைகளுக்கு உட்பட்டு, ஆண் மாணவர்களுக்கு மட்டும் அந்தத் தண்டனை இருக்கிறது. பாலர் பள்ளிக்கு அது பொருந்தவே பொருந்தாது. பாலர் பருவ மேம்பாட்டு நிலையங்களுக்கான சட்டம் 2017இல் நிறைவேறி 2019 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. அதன் விதிகளின்படி நிலைய ஊழியர் யாரும் பிள்ளைக்கு உடல்ரீதியான தண்டனை கொடுக்கக் கூடாது. “நீங்க ரெண்டு அடி போட்டாலும் பரவாயில்லை டீச்சர்” என்று நீங்களே அனுமதி கொடுத்தாலும் அவர்கள் செய்ய முடியாது. வீட்டில் பெற்றோர் அடிப்பதை இங்கே சட்டம் முற்றாகத் தடை செய்யவில்லை. ஆனால் அது காயப்படுத்துவதாக, துன்புறுத்துவதாக ஆனால் சிறார், இளையர் சட்டத்தின் கீழ் குற்றம்.

சட்டத்தை விடுங்கள். அடி வேலை செய்கிறதா என்பதல்லவா கேள்வி? அந்த நிமிடத்துக்குச் செய்யும், அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகளை, சுமார் 160,000 பிள்ளைகள் பற்றிய தகவலை, ஒன்றாகத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வு சொன்னது: அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனப் பிரச்சினைகளும் கூடுதலாகவே காணப்படுகின்றன, சொல் கேட்பது கூடியதாகத் தெரியவில்லை. கடிக்கிற பிள்ளையை அடித்துத் திருத்துவது எண்ணெய் ஊற்றித் தீயை அணைப்பது போல.

நீங்கள் அடித்த அந்த இரண்டு அடியை நினைத்து இன்னும் அழ வேண்டாம். அவனிடம் ஒரு தடவை, “அம்மா அன்னைக்கு கோவத்துல அடிச்சுட்டேன், அது தப்பு. அம்மாவும் கோவம் வந்தா என்ன பண்றதுன்னு கத்துக்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். தப்பு செய்தால் எப்படிச் சரிசெய்வது என்பதை அவன் பார்த்துக் கற்பது இப்படித்தான்.

உங்கள் கணவருக்கும் ஒன்று. அடிப்பது, கடிப்பது எல்லாம் இரண்டு, மூன்று வயதில் உச்சத்தில் இருந்துவிட்டு, பேச்சு வளர வளரக் குறையும். இது ஆண், பெண் இருவருக்கும் பொது. அஞ்சு வயதை நெருங்கும் பிள்ளை நாலு மாதத்தில் ஏழு தடவை கடித்தால் அது “விட்டுத் தள்ளு” என்கிற விஷயமும் இல்லை.

தமிழை நிறுத்தாதீர்கள்

நாத்தனார் சொன்னதை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன். இரண்டு மொழியால் பிள்ளை குழம்புவதில்லை, பேச்சும் தாமதமாவதில்லை. உண்மையாகவே பேச்சுக் குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். உங்கள் மகன் வீட்டில் “வாயை மூடாமல்” பேசுகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் குறைவது மொழி இல்லை, விளையாட்டு இடத்தில் சட்டென்று எடுத்துவிட நாலு ஆங்கில வாக்கியம்.

சில வருடத்துக்கு முன் ஒரு பாலர் பள்ளியில் பிளாக் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தமிழ்ப் பையன் பாலம் கட்டுகிறான். இன்னொருவன் வந்து நடுக்கட்டையை உருவுகிறான். இவன் “அது என்னோடது” என்கிறான். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவனுக்குத் தமிழ் தெரியாது. இரண்டாம் முறை “என்னோடது” என்று சத்தமாகச் சொன்னான். மூன்றாவது முறை வாய் திறந்தது, பேச இல்லை. டீச்சர் திரும்பிப் பார்த்தது கடி விழுந்த சத்தத்துக்குத்தான். அவருக்குத் தெரிந்தது “காரணமே இல்லாமல் கடித்தான்” என்பது. நான் பார்த்தது, இரண்டு தடவை மரியாதையாகக் கேட்டும் பதில் கிடைக்காத பிள்ளையை.

ஆகவே வீட்டில் பொம்மைக் காரை வைத்து ஒத்திகை பாருங்கள். “ஸ்டாப், இட்ஸ் மை டர்ன்”, “கேன் ஐ ப்ளே?”, “டீச்சர், ஹெல்ப் மீ”: மூன்று போதும். நீங்கள் காரைப் பிடுங்குவதுபோல் நடியுங்கள், அவன் கையை நீட்டி நிறுத்திச் சொல்லட்டும். சாதாரணமாக இருக்கும்போது பத்து தடவை சொல்லிப் பழகினால்தான் கோபத்தில் ஒரு தடவை வரும். உணர்ச்சிக்கான வார்த்தைகளைத் தமிழிலேயே கொடுங்கள்: கோவம், பயம், வெட்கம், பொறாமை, ஏக்கம், கடுப்பு. இதில் பாட்டியைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார். மாத்தா கதையை விட்டுவிட்டு, குட்டி யானைக்குத் தம்பி பிறந்தபோது அது எப்படிக் கோபித்துக்கொண்டு காட்டுக்குள் போய் உட்கார்ந்தது என்று அவரைத் தினமும் ஒரு கதை கட்டச் சொல்லுங்கள். கண்டிக்கும் வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டு இந்த வேலையைக் கொடுத்தால் அவருக்கும் மரியாதை குறையாது.

அப்புறம், தினமும் பத்து நிமிடம் அவனோடு மட்டும். பாப்பா பாட்டியிடம், கைப்பேசி வேறு அறையில், கதவு சாத்தி. என்ன விளையாட்டு என்று அவன் சொல்லட்டும், நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், திருத்த வேண்டாம். அன்றைக்குக் கடித்திருந்தாலும் இதை ரத்து செய்யாதீர்கள். இது பரிசு இல்லை, சாப்பாடு. வாரத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கு நீங்கள் கொண்டுபோய் விட முடியுமா என்றும் மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள்.

பாராட்டும்போது “குட் பாய்” என்பதோடு நிறுத்தாதீர்கள். எது நல்லது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? “பாப்பா உன் காரை எடுத்தப்ப நீ இழுக்கலை, வேற காரைக் கொடுத்து மாத்திக்கிட்டே, நான் பார்த்தேன்” என்றால் நாளைக்கும் அதைச் செய்வான். ஸ்டிக்கர் அட்டை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வையுங்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு. “கடிக்காத நாள்” என்று எழுதாமல் “வாயால் சொன்ன தடவை” என்று எழுதுங்கள். ஒட்டியதைப் பிடுங்காதீர்கள்.

கடித்துவிட்டால்? முதலில் கடிபட்ட பிள்ளையிடம் போக வேண்டும். தோல் கிழிந்திருந்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவனிடம் ஒரே வரி: “நிறுத்து. கடிச்சா வலிக்கும்.” வகுப்பு முன்னால் நிறுத்திவைத்து “சாரி” சொல்லவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது கடவுச்சொல் மாதிரி ஆகிவிடும், சொன்னால் வெளியே விடுவார்கள். அதற்குப் பதில், ஆறிய பிறகு அவனே ஐஸ் ஒத்தடம் எடுத்துக் கொடுக்கட்டும், இடித்த பாலத்தைச் சேர்ந்து கட்டட்டும்.

பள்ளியோடு பேசும்போது

அடுத்த வாரச் சந்திப்புக்குத் தனியாகப் போகாதீர்கள், கணவரும் வரட்டும். பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன், ஏழு வயதுக்குக் கீழ் என்றால் இருவருக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அதை எடுக்க இதைவிட நல்ல காரணம் இல்லை. அங்கே போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்காமல், “நோட்டில் நாங்கள் பார்த்தது இது, நீங்கள் பார்த்தது என்ன?” என்று தொடங்குங்கள். தினமும் செயலியில் கடித்த செய்தி மட்டும் வராமல், நல்லது ஒன்றும் சேர்ந்து வரட்டும் என்று கேளுங்கள். சமூக, உணர்ச்சி வளர்ச்சி என்பது நம் பாலர் கல்விப் பாடத்திட்டத்திலேயே எழுத்து, எண் போல ஒரு கற்றல் துறை. உங்கள் மகனுக்கு அதைச் சொல்லித்தருவது அவர்கள் உங்களுக்குச் செய்யும் சலுகை இல்லை.

2023இன் பிற்பாதியிலிருந்து ஒவ்வொரு பாலர் பள்ளியிலும் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கவனிக்க இன்குளூஷன் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் யார் என்று கேட்டு அவரையும் சந்திப்புக்கு வரச் சொல்லுங்கள். லேசான வளர்ச்சித் தேவை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சில வாரங்களுக்குப் பயிற்சி தரும் திட்டம் அங்கே இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்; நடத்தை, பழகும் திறன் இரண்டும் அதில் அடங்கும். நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்துக்கு, சேர்க்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள். பெற்றோர் கூடவே வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால் பெரும்பாலான பள்ளிகள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

தொடக்கநிலை ஒன்று பற்றி இப்போதே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பதிவு நடப்பது குடியுரிமை, பதிவுக் கட்டம், வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை வைத்து. பாலர் பள்ளியில் யாரைக் கடித்தான் என்று அங்கே ஒரு கட்டமும் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் பதில் போடாதீர்கள். அந்த அம்மாவைத் தனியாக அழைத்து, “உங்கள் பிள்ளை எப்படி இருக்கிறான்? எங்களுக்கும் வருத்தமாக இருக்கிறது, பள்ளியோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று சொன்னால் போதும். வீட்டுக் கதை எல்லாம் சொல்லத் தேவையில்லை.

எப்போது மருத்துவரிடம்?

கடிதத்தில் நீங்கள் சொன்னதை வைத்து, ஆட்டிசம் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை: கண்ணைப் பார்த்துப் பேசுகிறான், பாட்டிக்குப் பொம்மைச் சட்டியில் சமைத்துக் கொடுக்கிறான், தங்கை அழுதால் ஓடி வந்து சொல்கிறான். ஆனாலும் அவனுடைய சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நாலு வயதுக்கு மேல் செய்ய வேண்டிய வளர்ச்சிப் பரிசோதனை முடிந்துவிட்டதா? இல்லை என்றால் அதைச் செய்யும்போதே காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். சளி கட்டி அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை “சொல் பேச்சு கேட்காத பிள்ளை” என்று பெயர் வாங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தெரிந்த சொற்களை மறப்பது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, ஒரு நாளில் பலமுறை அரை மணி நேரத்துக்கு மேல் அடங்காத அலறல், இரண்டு மூன்று மாதம் இதையெல்லாம் செய்தும் ஒரு மாற்றமும் இல்லாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ பரிந்துரைத்தால் கட்டணச் சலுகை கிடைக்கும். காத்திருக்க வேண்டி வரும் என்பதால் சந்தேகம் இருந்தால் பெயரைச் சீக்கிரம் கொடுத்துவிடுவது நல்லது.

தூக்கத்தையும் கவனியுங்கள். இரவு பதினொன்றுக்குப் படுத்து ஆறரைக்கு எழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழரை மணி நேரம். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைத்துவிடுங்கள். நான் சொன்ன எல்லாவற்றிலும் சீக்கிரம் பலன் தெரிவது அநேகமாக இதில்தான்.

கடைசியாக, அந்தப் பிரம்பு. ஒடித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். முழுசாகப் போட்டால் குப்பைக் குழாயில் சிக்கிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து நோட்டில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், குறிப்பாக அந்த நேரங்களை.